கழுவிய வீடு

பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள் எழுத வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மனிதரை மனத்திலிருந்து இறக்கி வைக்க வேறு வழி தெரியவில்லை.

மழையில் ஓடை பெருகி, திருவனந்தபுரத்தில் எங்கள் வீட்டுக்குள் சாக்கடைத் தண்ணீர் இடுப்பளவு நின்றது. சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் சர்வேயர் வருகிறார் என்றார்கள். வருகிறவரை நாற்றத்திலா உட்காரவைப்பது? நானும் என் வீட்டுக்காரரும் நனைந்த மெத்தை, அரிசி எல்லாவற்றையும் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டு, சுவர்வரை தேய்த்துக் கழுவி, சாம்பிராணி போட்டோம்.

வந்த சர்வேயர் ஒல்லியான மனிதர், மலையாளம் கலந்த தமிழ் பேசினார். பேசும்போது கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நல்ல சுத்தமான வீடு, கேட்டோ அம்மா. தண்ணி எதுவரைக்கும் கேறிச்சு?"

"இந்தா, இதுவரைக்கும் சார்."

"அடையாளம் ஒண்ணும் காணலையே."

"நீங்க வாறீங்கன்னுதான் கழுவினோம்."

"எனக்காக வேண்டியா?" என்று சிரித்தார். "அப்போ நஷ்டத்தையும் சேர்த்துக் கழுவிக் களைஞ்சாச்சு."

பளபளத்த தரையைப் பல கோணங்களில் படமெடுத்தார். காபி பிரமாதம் என்றார். போகும்போது என்னைக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு கேலியா, மரியாதையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மறுநாள், சேதம் எதுவும் காணப்படவில்லை என்று சொல்லி கிளெய்மைத் தள்ளிவிட்டார்கள். நாங்கள் வெறும் தரையில் படுத்தோம்.