பெரட்டுக்கு நின்ற எழுபது பெட்டிகள்

பதினாறு அடி அளவுநாடாவை வைத்துக்கொண்டுதான் அண்ணியின் எழுபது ஒலிப்பெட்டிகளையும் அன்று தரையில் அடுக்கினேன். பெட்டிக்குப் பெட்டி மூன்றடி, வரிசைக்கு வரிசை மூன்றடி. தோட்டத்தில் ரப்பர் கன்று நட நிரை பிடித்தவரின் மகன் நான். கோணல் எனக்கு ஆகாது. முடிந்ததும் டைரியில் வரைபடமும் போட்டுக்கொண்டேன்.

அண்ணி இப்போது மலாக்காவின் தங்கா பத்துவில் இருநூறு பெட்டிகளோடு அடுத்த வேலையைத் தொடங்கிவிட்டார். நான் சொல்வது முதல் முயற்சியை. ரெம்பியா பக்கம், கூட்டை எடுத்து விற்பதற்காகவே கட்டிய பறவைக்கூட்டு வீடுகளில், உழவாரன் குருவிகளை உள்ளே இழுக்க அவற்றின் குரலை ஒலிக்கும் சின்ன ஸ்பீக்கர்களை மாட்டுவது அவருடைய வேலை. மாலையில் குருவிகள் திரண்டு திரும்புவதைப் பார்த்தபடியே நிற்பார். தலைவன் என்று ஒன்று இல்லை. ஒவ்வொன்றும் பக்கத்தில் பறப்பதை மட்டும் கவனிக்க, மொத்தக் கூட்டமும் ஒன்றாய் வளைகிறது. அதை ஒலியில் செய்து பார்க்க ஆசைப்பட்டார். கழித்துப்போட்ட ஸ்பீக்கர்களுக்கு மைக் பொருத்தினார். காலடி விழுந்தால் அருகிலுள்ள பெட்டி கீச்சிடும். அதைக் கேட்டு அடுத்தது, அதைக் கேட்டு அடுத்தது. நடப்பவரைச் சுற்றி ஒலி ஒரு கூட்டமாய்ப் பறக்க வேண்டும்.

மலாக்கா நகரின் கலைக்கூடம் ஒன்றில் பொறுப்பாளர் இடம் கொடுத்திருந்தார். முதல் நாளே அவருக்குப் பிடித்தால் ஒரு மாதம் இருக்கும். இல்லையென்றால் அன்றே எடுத்துவிட வேண்டும். ஐந்து மணிக்குத் திறப்பு. நான்கேகாலுக்கு அண்ணி ஸ்விட்சைப் போட்டு ஓர் எட்டு வைத்தார். சில வினாடிகளில் எழுபதும் ஒரே தாளத்தில் விழுந்தன. கீச். கீச். கீச். இடைவெளி எல்லாம் ஒன்றாக இருந்ததால் வந்த வினை.

“என்னா தம்பி, பெரட்டுக்கு நிக்க வச்சிட்டீங்களா? எல்லாம் ஆஜர் சொல்லுதுங்க!” என்றார். தோட்டத்தில் விடிகாலை வரிசையில் நிறுத்தி ஆள் கணக்கெடுப்பதுதான் பெரட்டு. சிரித்தார், ஆனால் முகம் வெளுத்திருந்தது. “கலச்சு விடுங்கலா, சீக்கிரம்!”

“எவ்வளவு தூரத்துக்கு அண்ணி?”

“கேக்காதீங்க. வைங்க.”

மூலையில் ஐந்து நெருக்கமாக, நடுவில் ஒன்று தன்னந்தனியாக, சன்னலடியில் இரண்டு. கை கூசியது. வைத்துக்கொண்டே போனேன்.

ஐந்து மணிக்குப் பொறுப்பாளர் உள்ளே கால் வைத்தார். ஒரு கீச்சொலி அவர் காலடியில் கிளம்பிச் சுவர்வரை போய், இரண்டாகப் பிரிந்து, அவர் முதுகுக்குப் பின்னால் சேர்ந்தது. அவர் நின்றார், அதுவும் அடங்கியது. பின்பக்கமாக நடந்தார், சுற்றிக்கொண்டு எதிரே வந்தது.

“உள்ள யாரும்மா உக்காந்து இயக்குறது?”

“யாரும் இல்ல அங்கிள். பக்கத்துல உள்ளத மட்டும் கேக்குதுங்க.”

பேச எழுதி வைத்திருந்த காகிதத்தை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டுச் சப்பாத்தைக் கழற்றினார். “ஒரு மாசம் பத்தாதேம்மா,” என்று சொல்லிக்கொண்டே திரும்பவும் உள்ளே போனார். அவருக்குப் பின்னால், திறப்புக்கு வந்திருந்த கூட்டம்.

நாற்பத்தொன்பது வயதில், காலுறையோடு நானும் ஓடினேன். எனக்கு முன்னால் ஓடிய ஒலி அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. அண்ணிக்கும் தெரியாது, வாசலில் நின்று வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.