கடைசிக் காட்சிக்கு ஒரு வயலின்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். இது என் வீட்டுக் கூடத்தில், பகல் வெளிச்சத்தில், என் கண்ணெதிரே நடந்தது. என் தம்பி குடித்துவிட்டுக் கடைசி வேலைக்குப் போகவில்லை என்று மூன்று பத்திரிகைகள் எழுதின. போனான். அதைச் சொல்ல இன்று மிச்சமிருப்பவள் நான்தான்.

அவன் பெயர் ஆல்வின் ஸ்ட்ராண்ட். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ரோலண்ட் மெர்சியர் என்றால் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். அது ஸ்டுடியோ வைத்த பெயர். வீட்டில் அந்தப் பெயரை நாங்கள் உச்சரித்ததில்லை.

ஊமைப்பட நாட்களில் நடிகருக்கு அழுகை வருவதற்காகப் படப்பிடிப்பிலேயே வயலின் வாசிப்பார்கள். வேறு யார் வாசித்தாலும் ஆல்வினுக்குக் கண் நனையாது. நான் வாசிக்க வேண்டும். அம்மாவை அடக்கம் செய்தபோது பாடிய தேவாலயப் பாட்டை வாசிப்பேன். அவன் அழுவான். ஊரே அழும். மலைமேல் மாளிகை கட்டினான். அவன் காரிலிருந்து இறங்கினால் அந்தத் தெருவில் டிராம் நகராது.

பிறகு படங்கள் பேச ஆரம்பித்தன. மைக் வந்தது, வயலின் வெளியேறியது. முதல் பேசும்படத்தில் அவன் வறண்ட கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான். தியேட்டரில் சிரித்தார்கள். மாளிகை போயிற்று. மனைவி போனாள். வாடகை அறைக்கு வந்து சேர்ந்தான்.

1934 அக்டோபரில் ஒரு வேடம் கிடைத்தது. ஒரே காட்சி. மகனின் சவப்பெட்டி அருகே நின்று அழ வேண்டும். சரியாகச் செய்தால் மேலும் வேடங்கள் வரும். இல்லையென்றால் அதோடு முடிந்தது. படப்பிடிப்புக்கு முந்தின ஞாயிறு மதியம் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“நீ செட்டுக்கு வாயேன் அக்கா. ஒரு ஓரமா நின்னு வாசி.”

“மைக் இருக்குமே?”

“அதான் தொல்லை. போலீஸ் காதுல விழாததெல்லாம் அதுக்கு விழும்.”

“ஊரையே அழ வச்சவன், தானா ஒரு தரம் அழக்கூடாதா?”

“ஊர் என் மூஞ்சியப் பாத்து அழுதுது. நான் உன் வயலினக் கேட்டுல்ல அழுதேன்.”

“சாக்கு சொல்லாதடா. ஒத்துக்கிட்ட வேலைக்கு ஸ்ட்ராண்ட் வீட்டு ஆளுங்க போகாம இருந்ததில்ல.”

“போறேன்க்கா. செத்தாலும் போறேன். போதுமா?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

மறுநாள் திங்கட்கிழமை. கடலிலிருந்து பனிமூட்டம் ஏறி ஜன்னல் வரை வந்திருந்தது. மணி மூன்று பத்து. நான் துணி தைத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. நிமிர்ந்தால், கூடத்தின் நடுவில் ஆல்வின்.

வெளியே அவ்வளவு ஈரம். அவன் கோட்டில் ஒரு சொட்டு இல்லை. முகம் முழுக்க மஞ்சள் பூச்சு. அது ஊமைப்படத்துக்குப் பூசுவது. அதை எல்லாரும் கைவிட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

“அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?”

அவன் தரைவிரிப்பைப் பார்த்தான். நடிகர் நிற்பதற்குப் போடும் சுண்ணாம்புக் குறியைத் தேடுவது போல. அரை அடி நகர்ந்தான். நின்றான். என் தோளுக்கு மேலே எதையோ பார்த்தான்.

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. உதடு மூடியது.

அதன் பிறகுதான் கேட்டது…

“அக்கா… வாசி.”

வயலினை எடுத்தேன். அதே பாட்டு. இரண்டாவது அடியில் அவன் கண்ணில் நீர் பெருகியது. கன்னத்தில் வழிந்தது. மஞ்சள் பூச்சு கரையவில்லை… சொட்டு விழுந்த விரிப்பும் நனையவில்லை.

மூன்றாவது அடி.

டங்…

தந்தி அறுந்து என் கன்னத்தைக் கீறியது. ஒரு நொடி கண்ணை மூடினேன். திறந்தேன்.

யாரும் இல்லை.

“ஆல்வின்… எங்கடா போன?”

கதவு உள்பக்கம் தாழிட்டபடியே இருந்தது.

ஐந்து மணிக்கு அவன் அறையின் வீட்டுக்காரி போன் செய்தாள். “தம்பி கதவத் திறக்கலம்மா. உடைச்சுத்தான் உள்ள போனோம்… நீங்க உடனே வாங்க.” கட்டிலில் கிடந்தான். மேஜையில் ஒரு ஜின் பாட்டில் இருந்தது. அதன் முத்திரை உடைக்கப்படவில்லை. நானே கையில் எடுத்துப் பார்த்தேன். மாரடைப்பு என்றார் டாக்டர். உயிர் போனது ஞாயிற்றுக்கிழமை இரவே என்றார்.

அடக்கம் முடிந்த வாரத்தில் ஹார்லன் பீட் என்பவர் வந்தார். அந்த ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு செய்பவர். தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“பேப்பர்ல போட்டது பொய் மேடம். திங்கக்கிழமை மெர்சியர் வந்தாரு. மூணு மணிக்கெல்லாம் செட்ல நின்னாரு. ஒரே தடவைல எடுத்து முடிச்சோம். அப்படி ஒரு அழுகைய நான் பாத்ததில்ல.”

“பின்ன ஏன் யாரும் சொல்லல?”

“டாக்டர் சொன்ன நேரத்தக் கேட்டதும் முதலாளி மிரண்டுட்டாரு. ரீல எரிச்சாச்சு. வேற ஆள வச்சு எடுத்தாச்சு. வாயத் திறந்தா வேலை போயிடும்னு உத்தரவு.” தொப்பியைத் திருப்பினார். “எரிக்கறதுக்கு முன்னாடி ஒலிய நான் போட்டுக் கேட்டேன். அவர் அழறப்ப பின்னாடி வயலின் கேக்குது. அன்னிக்கு செட்ல வயலினே கிடையாது மேடம்.”

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

“நடுவுல ஒரு தந்தி அறுந்துபோற சத்தம். அப்புறம் ஒரு பொம்பளை குரல்…”

அவர் என் கன்னத்துக் காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“‘ஆல்வின், எங்கடா போன’ன்னு கேக்குது. எங்க செட்ல அப்படி ஒரு ஆளே இல்ல மேடம். யாரு அந்த ஆல்வின்?”