மூக்குக் குழாய் இல்லாத படம்

முதலில் என் மடத்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன்; வேறு யாராவது சொன்னால் இன்னும் மோசமாகச் சொல்வார்கள். கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறேன் என்று பல வருடமாகக் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு திரிகிறவன் நான். கணினியில் படத்தைத் திருத்துவது எப்படி என்று தொழிற்சாலை கேண்டீனில் நாலு பேருக்கு வகுப்பு வேறு எடுத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நிபுணன், திருத்திய படம் எது, திருத்தாத படம் எது என்று தெரியாமல், இறந்துபோன சொந்த அண்ணனை மூக்கில் குழாயோடு சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கருமாதியில் வைத்தேன்.

அண்ணன் காஹாங் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். வீடு குளுவாங்கில். நுரையீரல் கெட்டுப்போய், கடைசிக் காலத்தில் ஹாலில் ஓர் ஆக்ஸிஜன் மெஷினும் அவருமாகக் குடித்தனம். மெஷினிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று புறப்பட்டு, காதுகளைச் சுற்றி, கன்னங்களில் ஓடி, மூக்குக்குள் போகும். அதைக் கண்டாலே அவருக்கு ஆகாது. யாராவது பார்க்க வந்தால் கழற்றித் தலையணைக்கு அடியில் ஒளித்துவிடுவார். ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் உதடு நிறம் மாறும். அண்ணி ஓடிவந்து மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் சரியாக இருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார்.

தீபாவளிக் காலையில் கேமராவோடு போயிருந்தேன்.

“வந்துட்டான்யா கேமராமேன். இவன் எடுத்தா மாப்பிள்ளைக்குத் தலை இருக்காது, பொண்ணுக்குக் கால் இருக்காது.”

“உங்களுக்கு ரெண்டும் இருக்கும்ணே. இப்படிப் பாருங்க.”

அவர் குழாயைக் கழற்றப் போனார். நான்தான் தடுத்தேன்.

“விடுங்கண்ணே, அத நான் கம்ப்யூட்டர்ல எடுத்துடுறேன்.”

“நெசமாவா?”

“இருந்த தடமே தெரியாது.”

“அப்ப சரி லா. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். இந்தக் கழுதைக் குழாயோட என்னைச் சுவத்துல மாட்டிடாதீங்கடா. வர்றவன் போறவன் எல்லாம் நான் மீன் பிடிக்கத் தண்ணிக்குள்ள முங்கினவன்னு நெனச்சுக்குவான்.”

“நல்ல நாளும் அதுவுமா பேச்சப் பாரு,” என்று அண்ணி முறுக்குத் தட்டை டொக்கென்று வைத்தார். அந்தச் சத்தத்துக்கு அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். பக்கவாட்டில் பல் போன இடம் தெரிய, கண் சுருங்க. படுத்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அமுக்கிவிட்டேன்.

பொங்கலுக்கு அவர் இல்லை.

“அந்தத் தீபாவளிப் படத்தையே போடு தம்பி,” என்றார் அண்ணி. “குழாய மட்டும் எடுத்துடு. அவருக்குப் பிடிக்காது.”

“எடுத்துடுறேன் அண்ணி. அவருகிட்டயே சொல்லியிருக்கேன்.”

நான் பிழைப்புக்கு வேலை செய்வது தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில், மின்னணுப் பலகைகளைப் பரிசோதிக்கும் பிரிவில். பலகையில் குறை கண்டால் நாங்கள் பலகையைச் சுரண்டமாட்டோம். மேலுறையில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவதோடு சரி. நான் படம் திருத்துகிற மென்பொருளும் அப்படித்தான். எடுத்த படத்தை அது தொடுவதே இல்லை. இங்கே தேய், அங்கே வெளிச்சம் கூட்டு என்று நாம் செய்வதையெல்லாம் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டு, திரையில் மட்டும் படத்தின்மேல் போர்த்திக் காட்டும். திருத்தம் சேர்ந்த படம் வெளியே வேண்டுமென்றால், ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்துப் புதிதாக ஒரு கோப்பு எடுக்க வேண்டும். கேண்டீன் வகுப்பில் நான் நடத்திய முதல் பாடமே இதுதான்.

வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, தினமும் அண்ணன் முகத்தின் முன் உட்கார்ந்தேன். கன்னம் சுலபமாக வந்தது. குழாய் அழுத்திய பள்ளத்தைப் பக்கத்துத் தோலை எடுத்து மூடினேன். மீசைதான் படுத்திவிட்டது. குழாய் மறைத்த இடத்தில் என்ன இருந்தது என்று கேமராவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒவ்வொரு முடியாக நட்டேன். ஒரு கட்டத்தில் மீசை அவரைவிட எங்கள் மாமாவுக்குப் பொருத்தமாக இருந்தது. எல்லாவற்றையும் திரும்ப எடுத்துவிட்டு மறுபடி நட்டேன். அண்ணன் உயிரோடு இருக்கும்போது அவர் முகத்தை நான் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

அந்த மென்பொருளில் ஒரு விசை உண்டு. அமுக்கினால் திருத்துவதற்கு முன் இருந்த படம். மறுபடி அமுக்கினால் திருத்தியது. வேலை சரிதானா என்று பார்க்க அமுக்கினேன். அண்ணன் குணமானார். அமுக்கினேன், படுத்தார். குணமானார், படுத்தார். எத்தனை தரம் அமுக்கினேனோ. விரல் நின்றபோது குணமாகி இருந்தார். அப்படியே மூடிவிட்டு, கோப்புறையிலிருந்த படத்தை நேராகப் பெண்டிரைவில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். எக்ஸ்போர்ட் செய்யவில்லை. கண் கலங்கியிருந்தது என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். தூக்கக் கலக்கம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

படங்களுக்குச் சட்டம் போடும் கடைச் சீனர் படத்தைப் பிரிண்ட் போட்டு, கண்ணாடி வைத்து, பழுப்புத் தாளில் சுற்றிக் கட்டியிருந்தார். “மாவ் தெங்கோக்?” என்றார் மலாயில். பிரித்துப் பார்க்கிறாயா என்று அர்த்தம்.

“தா பாயா லா, பாஸ்,” என்றேன். தேவையில்லையாம். என் வேலையை நானே சந்தேகிப்பதா?

கருமாதி அன்று பூசாரி படத்தைக் கேட்டதும் தாளைப் பிரித்து, எல்லாரும் பார்க்கும்படி நாற்காலியில் நிறுத்தி, பின்னால் நின்று பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்தது சட்டத்தின் முதுகும் அவர்கள் முகமும்தான். ஹால் அப்படியே அடங்கிப்போனது. என் கைவண்ணத்தில் சொக்கி நிற்கிறார்கள் என்று நினைத்தேன்.

“அலமாக்! என்னடா இது, மூக்குல குழாயோட?” என்றார் எங்கள் அத்தை.

எட்டிப் பார்த்தேன். அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார், குழாயோடு. நான் கழற்றவிடாத குழாய்.

“அவன் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதக்கூடச் செய்ய முடியலையா உனக்கு?” அத்தையிடமும் அண்ணன் சொல்லி வைத்திருந்தார் போல.

வாய் கிழியப் பேசுகிற நான் அன்று கையைத்தான் நம்பினேன். படத்தைத் திருப்பி வைக்கப் போனேன். அண்ணி வந்து என் கையை விலக்கினார். படத்தின் முன் குனிந்து, கண்ணாடிமேல் கட்டைவிரலை வைத்து, கன்னத்திலிருந்து காதுவரை குழாய் போகும் வழியே மெதுவாகத் தடவினார். பிறகு நிமிர்ந்து பூசாரியிடம், “தீபம் காட்டுங்க,” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, முறையாக எக்ஸ்போர்ட் செய்து, கடையிலேயே பிரித்துப் பார்த்து, மறுபடியும் பார்த்து, புதுப் படத்தைக் கொண்டுபோனேன். மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தார்கள். அது நின்ற இடத்தில் தரை மட்டும் வெளுத்துச் சதுரமாகக் கிடந்தது. அதற்கு மேலே சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். அண்ணி தள்ளி நின்று பார்த்தார்.

“நல்லா இருக்கு. அவரு கேட்ட மாதிரியே இருக்கு,” என்றார். கிட்டே வரவில்லை.

சொன்ன சொல்லை ஒரு வழியாகக் காப்பாற்றிவிட்ட தெம்பில் எனக்குப் பழைய வாய் திரும்பியிருந்தது.

“அந்தப் பழைய படம் எங்க அண்ணி? கொடுங்க, அண்ணன் கண்ணுல படுறதுக்குள்ள கிழிச்சிப் போட்டுடுறேன்.”

“அது என் கட்டில்கிட்ட இருக்கு, கை வைக்காத.”