பெரியவருக்கு எண்பது சதவீத ஊனம்

பி.காம் முடித்துவிட்டுத் திருப்பதியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்தபோது அம்மாவிடம் தெளிவாகத்தான் சொன்னேன்: நான் ஆடிட்டர் இல்லை, ஆடிட்டரிடம் வேலை செய்கிறவள். அம்மாவும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அந்த வாரத்துக்குள் ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் புத்தூர் மார்க்கெட்டில் தக்காளி விற்கிறவள் வரைக்கும் செய்தி போய்விட்டது. "எம் பொண்ணு திருப்பதில ஆடிட்டரா கீறா."

அங்கே என் வேலை, கடைக்காரர்கள் மஞ்சள் பையில் திணித்துக் கொண்டுவரும் பில்களைப் பிரித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. ஜூலை வந்தால் சம்பளக்காரர்களின் வருமான வரி ரிட்டர்ன்களை நிரப்புவேன். நான் நிரப்பியதை சீனியர் பார்ப்பார். சீனியர் பார்த்துவிட்டார் என்பதால் ஆடிட்டர் பார்க்க மாட்டார். ஆக, மூன்று பேர் சேர்ந்து செய்கிற வேலையில் நான் மூன்றில் ஒரு பங்கு. தனியாகத் தொழில் தொடங்குவதைப் பற்றி யோசித்தபோதெல்லாம் மீதி இரண்டு பங்குக்கு எங்கே போவது என்றுதான் பயமாக இருந்தது.

யோசிக்க வைத்தவர் என் மாமா. புத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்.

"ஞாயித்துக்கெழம வந்து கடையில ஒரு டேபிள் போட்டு ஒக்காரு. ஊர்ல வாத்தியாருங்க, ரயில்வேகாரங்க எத்தினி பேர் கீறாங்க!"

"எனக்கு அனுபவம் பத்தாது மாமா."

"நான் இன்னா அனுபவத்தோடவா ஜெராக்ஸ் மெஷின் வாங்கினேன்? வாங்கி வெச்சேன், அதுவா வந்துச்சி."

ஜெராக்ஸ் மெஷின் தவறு செய்தால் இன்னொரு காகிதம் போட்டால் போதும். ரிட்டர்னில் நான் தவறு செய்தால் நோட்டீஸ் வேறு யாரோ ஒருவர் வீட்டுக்கு வரும். இதைச் சொன்னேன். மாமா வாடிக்கையாளருக்கு ஆதாரை இரண்டு பக்கமும் எடுத்துக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை.

எதற்கும் கேட்டுவிடலாம் என்று ஆடிட்டரிடம் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தமாகச் செய்யலாமா, எனக்கு அந்த அளவுக்குத் தெரியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல் தெலுங்கில் சொன்னார்: தாராளமாகச் செய், என் கிளையண்ட்டுகளை மட்டும் தொடாதே. என்னைப் போட்டியாகக் கருதிய முதல் மனிதர் அவர்தான் என்று பஸ்ஸில் வரும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என் இரண்டாவது கேள்விக்கு அவர் பதில் சொல்லவே இல்லை என்பது ரேணிகுண்டா தாண்டிய பிறகுதான் உறைத்தது.

நான் முடிவெடுப்பதற்கு முன்பே மாமா முடிவெடுத்துவிட்டார். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கினால், கடை மேலே என் முகம். காலேஜ் ஐடி கார்டுக்கு எடுத்த படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கியிருந்தார்கள். ஒரு பக்கம் ஏழுமலையான், மறுபக்கம் நான், நடுவில் தெலுங்கில் பெரிய எழுத்து. இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். தெலுங்கில் டாக்ஸுக்கும் டாக்ஸிக்கும் நடுவே ஒரு சின்னச் சுழிதான் வித்தியாசம். அந்தச் சுழியை ஃபிளெக்ஸ் கடைக்காரர் தாராளமாகப் போட்டிருந்தார். "டாக்ஸி சர்வீசஸ்", அதன் கீழே என் போன் நம்பர்.

அவரிடம் ஓடினேன். "ஒக அக்ஷரமே கதா மேடம்," என்றார். ஓர் எழுத்துதானே, என்ன போச்சு என்கிறார். வேறு அடித்துத் தருவதற்கு முன்பே போன் வர ஆரம்பித்துவிட்டது. திருமலைக்குப் போய்வர எவ்வளவு, தடா வரைக்கும் வண்டி வருமா, இன்னோவா கீதா, சின்ன வண்டிதானா?

"போன் வருது இல்ல? அதான் முக்கியம்," என்றார் மாமா.

அப்படிப் போன் செய்தவர்களில் ஒருவர் அரசுப் பள்ளி ஆசிரியர். குடும்பத்தோடு திருமலைக்குப் போக வண்டி கேட்டார். வண்டி இல்லை சார், வருமான வரி என்றேன். ஒரு கணம் யோசித்துவிட்டு, "அதுவும் வேணும்மா. நாளைக்கி வரேன்," என்றார். முதல் வாடிக்கையாளர் இப்படித்தான் அமைந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர் சம்பளச் சான்றிதழை என் முன்னால் வைத்தார். பார்த்தேன். பள்ளிக்கூடம் வரியைச் சரியாகப் பிடித்துக் கட்டியிருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"எல்லாம் சரியா இருக்கு சார். ரீஃபண்ட் ஒண்ணும் வராது."

நோயே இல்லை என்று சொல்லும் டாக்டரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"ஒண்ணுமே வராதா? எங்க ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும் வந்துக்கினு கீதே. சித்தூர்ல ஒருத்தர் போட்டுக் குடுக்கறாரு. அப்பா அம்மாவுக்கு ஊனம்னு போட்டா வரி கொறஞ்சி பணம் திரும்பி வருதாம். எண்பது பர்சன்ட்னு போட்டா இன்னும் ஜாஸ்தியாம்."

"உங்க அப்பாவுக்கு இன்னா ஒடம்புக்கு?"

"வயசாயிடுச்சி மேடம். காரம் துன்னா ஒத்துக்கறதில்ல."

இது தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நிமிடம் ஒரு சந்தேகமும் வந்தது. ஸ்டாஃப் ரூம் முழுக்க வாங்கியிருக்கிறது, சித்தூர்க்காரர் காரில் போகிறாராம். அப்படியானால் எனக்குத் தெரியாதது சட்டமா, தொழிலா? நேராக முடியாது என்று சொல்லத் தைரியம் வரவில்லை. டாக்டர் சர்டிஃபிகேட் கொண்டு வாங்க சார் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு சர்டிஃபிகேட் வரவில்லை. அப்பாவே வந்தார்.

நகரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மொபெட்டில், முன்னால் ஒரு மூட்டை மாங்காயோடு வந்தார். மாங்காய் வெயிலில் வதங்கக் கூடாது என்று மூட்டையோடு மொபெட்டைத் தூக்கிக் கடைப்படி மேல் வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஆதார் கார்டை எடுத்து நீட்டினார்.

"பையன் குடுக்கச் சொன்னான். எம் பேர்ல ஏதோ கவர்மெண்ட்டு பணம் வருதாமே, இன்னாம்மா அது?"

நான் மென்று விழுங்கினேன். அவர் விடவில்லை. கடைசியில் சொல்லிவிட்டேன்.

"ஊனமா? யாருக்கு?"

"உங்களுக்கு தாத்தா."

"எங்க?" என்று கையைத் திருப்பிப் பார்த்தார், காலைப் பார்த்தார்.

"காகிதத்துல மட்டும்தான் தாத்தா. எண்பது பர்சன்ட்டுன்னு."

"நேத்துதானேம்மா கெணத்துல எறங்கி மோட்டாருக்கு வால்வு மாத்தினேன். எண்பதுன்னா, மிச்சம் இருபதுதான் நானா?"

ஆதாரைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "டேய், நைனா பேசறேன். ஜெராக்ஸ் கடையில கீறேன். என்னால நடக்க முடியல. வந்து தூக்கினு போ."

ஆசிரியர் பதறிக்கொண்டு பைக்கில் வந்து சேர்ந்தார். அப்பா பிளாஸ்டிக் ஸ்டூலில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்.

"இன்னா நைனா ஆச்சு?"

"எண்பது பர்சன்ட்டாம் எனக்கு. இந்தம்மா சொல்லுது. தூக்கு."

ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் பிரிண்டரைப் பார்த்தேன்.

"நைனா, எல்லாரும் பாத்துக்கினு கீறாங்க. எழுந்து வா."

"நடக்க முடிஞ்சா நடக்க மாட்டனா? தூக்குடா."

வேறு வழியில்லாமல் தூக்கினார். பஸ் ஸ்டாண்டே ஒதுங்கி வழிவிட்டது. பூக்காரம்மா சோடா வாங்கி எடுத்துக்கொண்டு ஓடினாள். ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்று ஒருவர் கேட்டார். ரோட்டைத் தாண்டிப் பைக்கில் உட்கார வைக்கும்வரை பெரியவர் மகன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முனகினார். உட்கார்ந்ததும் சோடாவை வாங்கிக் குடித்தார். இறங்கினார். நேராக நடந்து வந்து, மொபெட்டைப் படியிலிருந்து இறக்கி, மிதித்துக் கிளப்பிக்கொண்டு மார்க்கெட் பக்கம் போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மாமாவுக்கு வரவில்லை. "மொத கிராக்கியவே இப்பிடி அனுப்பிட்டியே!" என்றார். விஷயம் வீட்டுக்குப் போனது. ரீஃபண்ட் வாங்கித் தராதவள் என்ன ஆடிட்டர் என்று அம்மாவுக்கும் சந்தேகம் வந்தது. ஆசிரியர் ரிட்டர்னை சித்தூர்க்காரரிடமே போட்டு, ரீஃபண்ட் வந்ததும் ஸ்வீட் பாக்ஸோடு ஊருக்குள் சுற்றினார் என்றும் கேள்விப்பட்டேன். அந்த மாதங்களில் தொழில் வேண்டாம் என்றுதான் முடிவு செய்திருந்தேன். பொய் எழுதத் தெரியவில்லை, உண்மைக்கு ஆள் வரவில்லை.

குளிர் தொடங்கிய நேரத்தில் வரித் துறையிலிருந்து அந்த ஸ்டாஃப் ரூமுக்கே செய்தி வந்தது. ஊனத்துக்காக நீங்கள் கேட்டிருக்கும் வரிக்கழிவைச் சரிபாருங்கள், தவறென்றால் திருத்தித் தாக்கல் செய்யுங்கள். சித்தூர்க்காரரின் போன் அன்றிலிருந்து ஸ்விட்ச் ஆஃப். ஞாயிறு காலை ஆசிரியர்கள் ஷேர் ஆட்டோ பிடித்து ஜெராக்ஸ் கடைக்கு வந்து நின்றார்கள். என் முதல் வாடிக்கையாளரான அந்த ஆசிரியர் கடைசியாக, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"மேடம், நைனாவுக்கு கொணமாயிடுச்சின்னு எழுதலாமா?"

"வேணாம் சார். ஊனம் இல்லன்னு எழுதிடலாம். வாங்கின ரீஃபண்ட்டையும் வட்டியையும் கட்டிடணும். ஆனா ஒண்ணு, திருத்தின ரிட்டர்ன் நான் இதுக்கு முன்னாடி போட்டதில்ல. கேட்டுக்கினு வந்து அடுத்த வாரம் போடறேன்."

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் கிளம்பிப் போகவில்லை. அலுவலகத்தில் சீனியரிடம் கேட்டேன், விதிகளைப் படித்தேன், அடுத்த ஞாயிறு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன். அன்று புத்தூரில் பல அப்பா அம்மாக்களுக்குக் காகிதத்தில் கைகால் திரும்பி வந்தது.

திருப்பதி வேலையை நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் டேபிள் போடுகிறேன், சம்பளக்காரர்களுக்கு மட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். "தெரியாதுன்னு சொல்ற ஆளுக்கு இன்னாத்துக்கு டேபிளு?" என்று மாமா இன்றும் கேட்கிறார்.

போன வாரம் நகரியில் பவர்லூம் வைத்திருக்கும் ஒருவர் வந்து, ஜிஎஸ்டி பதிவு செய்து தரச் சொன்னார். பில் ஏற்றியிருக்கிறேனே தவிர, பதிவு செய்து பழக்கமில்லை என்றேன்.

"பரவால்லம்மா," என்றார். "நீ கத்துக்கினு இரு. நான் டிபன் துன்னுட்டு வரேன்."