மாநிறம் இல்லை என்றார்கள்

என் அக்கா மகள் ஜந்தீராவுக்கு மருத்துவ இடம் கிடைத்தபோது எங்கள் தெருவே வாயைப் பிளந்தது. பாயீயா மாநிலத்தின் உட்புறத்தில், மரவள்ளி மாவு ஆலைக்குப் பின்னால் கிடக்கும் தெரு. அங்கிருந்து யார் டாக்டருக்குப் படிக்கப் போயிருக்கிறார்கள்? துணிக்கடையில் நின்றுகொண்டே படித்து, கறுப்பும் வெள்ளையும் கலந்த மாநிறத்தாருக்கான இடஒதுக்கீட்டில் வாங்கிய இடம். அதே பல்கலைக்கழகத்தில் நான் புள்ளிவிவரப் பிரிவில் குமாஸ்தா.

ஒன்றுதான் பாக்கி. ஒரு குழுவின் முன் நின்று, "நான் மாநிறத்தவள்" என்று கேமராவைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வெள்ளைப் பணக்காரப் பிள்ளைகள் பொய் சொல்லி நுழைந்ததால் வந்த ஏற்பாடு. அது வேண்டும் என்று கொடி பிடித்தவர்களில் நானும் ஒருத்தி. தாத்தா கறுப்பர், பாட்டி கறுப்பர் என்ற பேச்செல்லாம் அங்கே செல்லாது. முகத்தைப் பார்ப்பார்கள், முடியைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

அக்கா வல்தேத்தே, பெண்களுக்கான முடி அலங்காரக் கடை வைத்திருக்கிறாள். மகள் பேராசிரியர்கள் முன் நிற்கப் போகிறாள் என்றதும் அவளுக்குக் கை பரபரத்தது.

"பரட்டத் தலையோட போனா மதிப்பாங்களாடி? உக்காரு."

சுருள்முடியைச் சூடு காட்டி இழுத்து இழுத்து நேராக்கினாள். முகத்துக்கு வெளிறிய பவுடர் வேறு. வேலை கேட்டுப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் எங்கள் பெண்கள் அப்படித்தான் போவார்கள். அக்கா செய்வது எனக்கு அப்போதே தெரிந்திருந்தால் அவள் கையைத் தட்டிவிட்டிருப்பேன்.

முடிவு வரும்வரை வகுப்பில் உட்காரலாம் என்றார்கள். உட்கார்ந்தாள். வீட்டில் பாத்திரம் கழுவும்போதும் எலும்புகளின் பெயர்களை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். பிறகு முடிவு வந்தது: மாநிறம் இல்லை.

அக்கா மகளின் தலையை அலசிவிட்டாள். சுருள் திரும்பியது. பவுடர் இல்லாத முகத்தோடு மேல்முறையீட்டுக்கு அழைத்துப் போனோம்.

"நேர்ல பாக்க மாட்டாங்கம்மா. அன்னிக்கு எடுத்த வீடியோவத்தான் திரும்பப் பாப்பாங்க" என்றாள் அங்கிருந்த பெண்.

"அடியே, பொண்ணு உன் முன்னாடிதானே நிக்கிறா! கண்ணு என்ன பொட்டையாப் போச்சா?" என்று அக்கா கத்தினாள். காவலாளி வந்துவிட்டான்.

வீடியோவில் நேர்முடி. வீடியோவில் பவுடர். இரண்டாவது முறையும் அதே பதில்தான்.

ஜந்தீரா அழவில்லை. வெள்ளைக் கோட்டை மடித்து வைத்துவிட்டுத் துணிக்கடைக்குத் திரும்பினாள். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், தூங்கு என்றால் படுத்தாள். அக்காதான் "என் கையாலயே கெடுத்தேனே" என்று கடையைத் திறக்காமல் கிடந்தாள். எனக்கு வந்த கோபம் யார்மேல் என்றே தெரியவில்லை. கொஞ்ச நாளில் அதுவும் மரத்துப் போனது.

அப்போதுதான் பல்கலைக்கழகத் தரவரிசைக்காக வெளிநாட்டு நிறுவனம் ஒன்று, வகுப்பு தொடங்கிய மாதத்துக் கணக்கைக் கேட்டது: கறுப்பு, மாநிற மாணவர்கள் எத்தனை பேர்? அந்தப் பங்கு கூடினால் மதிப்பெண் கூடும்.

"சார், மருத்துவத்துல ஒரு பொண்ணு பேர எடுக்கணும். மாநிறம் இல்லேன்னு குழு அனுப்பிடுச்சு" என்றேன் மேலாளர் ஒஸ்மாரிடம்.

"கணக்கெடுத்த அன்னிக்கு வகுப்புல இருந்தாளா?"

"இருந்தா."

"அப்ப இருக்கட்டும் மரினால்வா. நாமளே எதுக்கு ஒண்ணக் குறைச்சுக்கணும்?"

பட்டியல் வெளியானது. எல்லா நிறத்தாருக்கும் இடம் தரும் பல்கலைக்கழகம் என்று முன்னே ஏறியிருந்தோம். கேக் வெட்டினார்கள். நானும் ஒரு துண்டு தின்றேன். இனிப்பே தெரியவில்லை.

சாயங்காலம் நேராகத் துணிக்கடைக்குப் போனேன். ஜந்தீரா சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அங்கே போனதும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"உன் மூஞ்சிக்கு நேரா இல்லேன்னுட்டு, வெளிநாட்டுக்காரன்கிட்ட மட்டும் நீ மாநிறமாம்! வெக்கங்கெட்டவனுங்க! நாளைக்கே எழுதிப் போட்டு உன் பேர அடிக்க வைக்கிறேன் பாரு."

அவள் கை நின்றது.

"அந்தக் கணக்குல நான் இன்னும் டாக்டருக்குப் படிக்கிறேனா சித்தி?"

"ஆமா."

"அப்ப அடிக்காத சித்தி. அங்கயாவது படிச்சிட்டுப் போறேன்."