சிவலைக்கு வந்த சீமைப் பெயர்

தோற்றுத் தோற்று, யோகலிங்கத்துக்குத் தோற்பதே அலுத்துப்போயிருந்தது. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்துக் கிளிநொச்சிக்கு வந்த மனிதர். நெல் விளைந்தது, பிள்ளைகள் பிறந்தன. சவாரித் திடலில் மட்டும் அவருடைய மாட்டு வண்டில் ஒருநாளும் முந்தியதில்லை.

“இந்தச் சித்திரைச் சவாரியிலும் தோத்தியளெண்டால் இரண்டு மாட்டையும் கலப்பையிலை பூட்டுறதுதான்,” என்று மனைவி பத்மாசனி தீர்ப்பளித்திருந்தா. கலப்பை ஏறிய தோளுக்குப் பிறகு சவாரி இல்லை.

குறை எங்கே என்று கண்டுபிடித்தவர் தபாற்கந்தோர்க் கிளாக்கர் தில்லைநாதன். இங்கிலாந்துக் குதிரைப் பந்தயச் செய்திகளை ஆங்கிலப் பேப்பரில் நாள் தவறாமல் பாராயணம் செய்பவர். உயிருள்ள குதிரையைக் கண்டதில்லை.

“மாடுகளுக்கு என்ன பேர்?”

“சிவலை. மற்றது மயிலை.”

“நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்டால் எந்தச் சீவனுக்கு ரோசம் வரும்? அங்கை முந்தின குதிரையின்ரை பேரைக் கேளும். லேடி மார்கிரற்ஸ் லொஸ்ற் அம்பிரெல்லா!”

“அதென்ன கிளாக்கரையா?”

“மார்கிரற் சீமாட்டி துலைச்ச குடை.”

“குடை ஓடுமோ?”

“ஓடினதெண்டு பேப்பரிலை கிடக்குது.”

சிவலை குடையாயிற்று. இரண்டாவதாக வந்த குதிரையின் பெயர் மயிலைக்கு: ‘நொற் ருடே தாங் யூ மிஸ்ரர் பார்க்கர்’. இன்றைக்கு வேண்டாம், நன்றி, பார்க்கர் துரை. யோகலிங்கம் சந்தனம் தடவி, இரண்டின் காதிலும் முறைப்படி ஓதினார்.

“பிள்ளையளுக்குப் பேர் வைக்கேக்கை இவ்வளவு கரைச்சல் படேல்லை,” என்றா பத்மாசனி.

சவாரியன்று கொடி விழுந்தது. மாட்டைப் பெயர் சொல்லி உசுப்புவது திடல் வழக்கம். பக்கத்து வண்டில் பரமலிங்கம், “வெள்ளை! வெள்ளை!” என்று கத்திக்கொண்டு பறந்தார். யோகலிங்கம் மார்கிரற் சீமாட்டியில் தொடங்கிக் குடைக்கு வந்து சேர்வதற்குள் வெள்ளை பாதித் திடலைத் தாண்டிவிட்டது. அவருடைய மாடுகளோ வேறு யாருக்கோ அரசாங்க அறிவித்தல் வாசிக்கப்படுவதாக எண்ணி அசையாமல் நின்றன.

சவாரி முடிந்து மாடுகளுக்குப் போடுவதற்கென்று தவிட்டு வாளியோடு திடலோரம் நின்ற பத்மாசனிக்கு வெட்கம் தாங்கவில்லை.

“சிவலை! மயிலை! ஓடுங்கோவன்!”

ஓடின. பிறந்த நாள்தொட்டு ஓடாத ஓட்டம். சனத்தைப் பிளந்துகொண்டு, யோகலிங்கத்தையும் வண்டிலையும் இழுத்துக்கொண்டு, நேரே தவிட்டு வாளிக்கு. குறுக்காக ஓடுவதற்குப் பரிசு வைத்திருந்தால் அன்றைக்கு அவர்தான் முதலாவது.

“சரி, நாளைக்கு உழவு,” என்றா பத்மாசனி, வாளியை நிமிர்த்தியபடி.

விடிந்ததும் யோகலிங்கம் சேற்றில் இறங்கி, கலப்பையைப் பிடித்துக்கொண்டு, முழுப் பெயரையும் ஆறுதலாகச் சொன்னார். இங்கே முந்துவதற்கு எவருமில்லை. இந்த வரப்பில் மார்கிரற் சீமாட்டியைத் தொடங்கினால் அந்த வரப்பில் குடை வந்துவிடும். திரும்பும் உழவுச் சாலுக்குப் பார்க்கர் துரை இருந்தார்.