மாமாவின் மூன்றாவது தாடி

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே மாமாவுக்குத் தாடி வரும், போகும். மனைவி கர்ப்பமாக இருக்கும்போது புருஷன் முகத்தில் கத்தி படக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அம்மா அதை எனக்குச் சுருக்கமாகச் சொல்லி வைத்திருந்தாள்: பாப்பா பிறந்ததும் மாமா தாடியை எடுத்துவிடுவார். முதல் இரண்டு தாடிகள் போனபோது பாப்பா எதுவும் வரவில்லையே என்று கேட்கிற வயசு எனக்கு இல்லை.

மூன்றாவது தாடி வந்தபோது எனக்கு ஏழு வயது. சனத்நகரில் நாங்கள் கீழ்வீட்டில், மாமாவும் அத்தையும் மாடியில். ஹைதராபாத்தில் தடுக்கி விழுந்தால் சாஃப்ட்வேர் கம்பெனி என்றிருந்த காலம். மாமாவும் அதில் ஒன்றில்தான் இருந்தார். முந்தின தடவை, வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள் என்று மேனேஜர் நச்சரிக்கவும் நடுவில் ஒருநாள் சவரம் செய்துகொண்டாராம். அடுத்த வாரமே கர்ப்பம் கலைந்துவிட்டது. "உன்னாலதாம்ல போச்சு" என்று அம்மா கூடப்பிறந்த தம்பியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். படித்த மனுஷன், சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். நம்பிவிட்டார்.

இந்தத் தடவை தாடியோடு தாத்தாவின் சவரக்கத்தியும் வந்தது. தாத்தா செத்ததிலிருந்து பெட்டியில் கிடந்த மடக்குக்கத்தி. அலகு முழுக்கத் துரு. பிள்ளை பிறந்த அன்றைக்கு இதை வைத்துத்தான் தாடியை எடுப்பேன் என்று மாமா ஒரு வேண்டுதல் மாதிரி சொல்லிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாடிப்படியில் உட்கார்ந்து, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, உப்புத்தாளால் தேய்ப்பார். துரு போனது. துரு தின்ற குழிகள் போகவில்லை. அம்மை வடு மாதிரி அலகெங்கும் கிடந்தன. ஒன்றைத் தேய்த்து மட்டமாக்கினால் அடியில் இன்னொன்று இருக்கும். குழிகள் விளிம்பு வரைக்கும் போயிருந்ததால், சாணைக்கல்லில் தீட்டத் தீட்ட முனை பொடிப்பொடியாக உதிர்ந்தது.

அப்பா அதைத் தூக்கிப்போடச் சொன்னார். நானும், "நக்கோ மாமா, இது வேணாம், புதுசு வாங்கிக்கோ" என்றேன்.

"குழி இல்லாத எடம் உள்ள இருக்கும் ஏட்டி. அது வார வரைக்கும் தேய்க்கணும்."

தேய்த்தார். கத்தி பாதியாக இளைத்தது. அத்தைக்கு ஏழாம் மாதம் பிறந்து, வளைகாப்புக்கு வளையல்கூட வாங்கியாயிற்று.

ஒருநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது மாமா படியில் உட்கார்ந்திருந்தார். அத்தையை முந்தின நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். விடியற்காலையிலேயே குழந்தை செத்துப் பிறந்திருக்கிறது. அதை என்னிடம் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மாமாவின் முகத்தில் தாடி இல்லை. அந்தக் கத்தியாலேயே வழித்திருந்தார். கன்னமெல்லாம் கீறல், சட்டைக் காலரில் ரத்தம். எனக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. பாப்பா பிறந்தாச்சு என்று கத்திக்கொண்டு எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் ஓடினேன். அவர் முபாரக் என்று வாழ்த்துச் சொல்லி, என் கை நிறையச் சர்க்கரை கொட்டினார். சிந்தாமல் பொத்திக்கொண்டு வந்து மாமாவின் வாய்க்கு நேரே நீட்டினேன்.

"பையனா பொண்ணா மாமா?"

பாவி மனுஷன், என் கையைத் தட்டிவிட்டிருக்கக் கூடாதா? வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். மென்றுகொண்டே தோள் குலுங்க அழ ஆரம்பித்தார். வழியில் ஒரு வாய்கூடப் போட்டுக்கொள்ளாமல் அவ்வளவையும் அவருக்கென்று கொண்டுவந்திருக்கிறேன், சர்க்கரையை இப்படியா தின்பார்கள் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.